மாஜித் பாதி, ஃபாயிஸ் பாதி

வலது கை கறுப்புத் துணியின் கிழிந்த ஓரத்தை நீவி நேராக்கியது. இடது கை அதே கறுப்பின் மற்ற ஓரத்தைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்தது. உதடுகளுக்கு நடுவே கவ்வியிருந்த குண்டூசிகளில் ஒன்றை எடுத்துக் குத்தியது. பிறகு வெள்ளை, அதன் பிறகு பச்சை. ஒவ்வொரு பட்டையின் அடியிலும் கிழிசலைத் தாங்க அதே நிறத்தில் நாலு அங்குலத் துணிப்பட்டி ஒன்று காத்துக்கிடந்தது.

பழைய தையல் விட்டிருக்கவில்லை. அதைக் கைகள் முதலிலேயே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தன. தையலுக்கு அரை அங்குலம் தள்ளித் துணிதான் கிழிந்திருந்தது. வெள்ளைப் பட்டையில் கறுப்புத் துணியால் வெட்டித் தைத்த அரபு எழுத்துகளில் ஒன்றின் வயிறு நடுவால் பிளந்து, ஒரு பாதி இந்தத் துண்டிலும் மறு பாதி அந்தத் துண்டிலும் கிடந்தது. இரண்டு பாதியும் சேர்ந்து வளைவு ஒன்றானபோது கைகள் ஒரு கணம் நின்றன. நன்றாக இருந்தது. தற்காலிகமாக இழையோட்டுகிற வெள்ளை நூலை ஊசியில் கோர்த்து மேலிருந்து கீழாக ஓட ஆரம்பித்தன.

பன்னிரண்டு அடி நீளக் கொடி. முன் அறையின் தரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, சிவப்பு முக்கோணம் கதவடியில் மடங்கிக் கிடந்தது. பகல் இரண்டரைக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் கணேசலிங்கம் கதவைத் தள்ள முடியாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"இது ரெண்டு துண்டாயெல்லோ கிடந்தது?"

"ஓம்."

"ரெண்டு பேரும் வேற வேறயா வந்து தந்தவங்கள்?"

"ஓம்."

"ஒருத்தன் தந்தது மற்றவனுக்குத் தெரியாது?"

ஊசி பச்சைப் பட்டையில் நின்றுவிட்டது.

"அப்ப இதை ஆரிட்டக் குடுக்கப்போறாய், பாலாம்பிகை?" என்றார் அவர். "ஒருத்தனுக்குத் திங்கள், மற்றவனுக்குச் செவ்வாய் எண்டு முறை வைக்கப்போறியோ?"

அப்போதுதான் அவளுக்கு, தான் செய்திருப்பது என்னவென்று விளங்கியது. மாஜித் ஒக்டோபர் முதல் கிழமையில் வலது பாதியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, "இடது பக்கத்துக்குப் புதுத் துணி போட்டு முழுசாக்கித் தாருங்கள், அக்கா" என்றான். எட்டு நாள் கழித்து ஃபாயிஸ் இடது பாதியோடு வந்து, வலது பக்கத்துக்கு அதையே கேட்டான். இரண்டு பேருக்கும் நவம்பர் இருபத்தொன்பதுக்கு முன் வேண்டும். அன்று பலஸ்தீனத்துக்கான ஆதரவு நாள்; ஊர்வலம் இருந்தது. அலுமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாதியும் ஐந்து கிழமை கிடந்தன. இன்று காலை புதுத் துணி வெட்ட உட்கார்ந்தவளுக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. சொந்தப் பாதி அருகிலேயே கிடக்கும்போது புதிதாக ஒன்றை வெட்டுவது எந்தத் தையற்காரிக்கும் முடியாத காரியம். கை தன்பாட்டில் போய் அதை எடுத்துப் பொருத்திவிட்டது.

*

பாலாம்பிகை தையலை யாரிடமும் முறையாகப் படித்தவள் இல்லை. இலங்கையில், கரவெட்டியில், பதினான்கு வயதில் தகப்பனின் பழைய கோட் ஒன்றை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பாயில் பரப்பி, எது எதற்கு மேல் போயிருக்கிறது என்று பார்த்துத் திரும்பத் தைத்தாள். முதல் முறை ஒரு கை பின்பக்கம் திரும்பி நின்றது. மூன்றாம் முறை தகப்பன் அதைப் போட்டுக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போனார். எழுபத்துமூன்றில் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ராற்ஃபோர்ட்டில் ஒரு கோட் தொழிற்சாலையில் நாலு வருடம் கொலர் மட்டும் தைத்தாள். பிறகு ஃபாரஸ்ட் கேட் வீட்டின் முன் அறையில் தொழிற்சாலை மெஷின் ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே வேலை எடுத்தாள். மற்றத் தையற்காரிகளின் வேலையையும் பிரித்துப் பார்ப்பாள். நன்றாயிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், பிழையென்றால் அதிலும் ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் அந்தப் பிழையைத் தன் கை ஒருநாளும் செய்யாது. பத்து வருடம் கழித்துக் குட்மேய்ஸில் கடை திறந்தபோதும் மேசையில் இருந்தது முன் அறையில் அவள் எழுதிவந்த அதே நீல மட்டை அளவுக் கொப்பிதான். ஒரு துணிக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் துணி கொடுத்தவரின் பேர். அந்தப் பேருக்குரியவரின் கையில்தான் துணி திரும்பிப் போகும். புருஷன் தந்ததைப் பெண்சாதி வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டாள்.

கொப்பியில் இந்தக் கொடிக்கான பக்கத்தில் ஒரே வரியில் இரண்டு பேர் இருந்தது. மாஜித், ஃபாயிஸ். எண்பத்திரண்டு ஜூலையில் எழுதியது.

பலஸ்தீனர்களான அவர்களைக் கூட்டிவந்தவன் அவளுடைய தம்பி பரமேஸ்வரன். அவளைவிடப் பதினொரு வயது இளையவன். தாய் காலமான பின் அவள் கையில் வளர்ந்து, படிக்கவென்று லண்டன் வந்து, அவள் வீட்டுச் சின்ன அறையில் இருந்து பொலிடெக்னிக் போய்வந்தான். மாஜித் பல்மருத்துவம் படித்தான். ஒல்லி, எதையும் இரண்டு முறை யோசித்துச் சொல்வான். ஃபாயிஸ் பொறியியலை இழுத்துக்கொண்டே மினிகாப் டாக்சி ஓட்டினான். பருத்த உடம்பு, யோசிக்கிற பழக்கம் இல்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, இடியப்பத்தையும் சொதியையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டார்கள். பரமனைப் பார்த்து அவர்களும் அவளை அக்கா என்றார்கள்.

அந்த ஜூனில் இஸ்ரேலியத் தூதர் லண்டன் ஹோட்டல் ஒன்றின் வாசலில் சுடப்பட்டார். மூன்று நாளில் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்தது. பொலிஸ் பொலிடெக்னிக்குக்கு வந்து அரபு மாணவர்களோடு பரமனின் பேரையும் எழுதிக்கொண்டு போனது. கணேசலிங்கத்துக்கு அன்று தொடங்கிய நெஞ்சிடிப்பு நிற்கவேயில்லை. "சுட்டது நாங்கள் இல்லை" என்று மாஜித் அவருக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்கினான். "அவர்கள் எங்கள் இயக்கத்திலிருந்து எழுபத்துநாலில் பிரிந்து போன கூட்டம். எழுபத்தெட்டில் எங்கள் லண்டன் பிரதிநிதியை இதே ஊரில் கொன்றதும் அவர்கள்தான் என்கிறார்கள். எங்களுக்கும் அவர்கள் எதிரிகள்தான்."

"இது பொலிசுக்கு விளங்குமோ?" என்று கணேசலிங்கம் கேட்டார். மாஜித் தேநீரைக் கலக்கினான்.

அந்த யுத்தத்துக்கு எதிரான ஊர்வலத்துக்குத்தான் அவள் இந்தக் கொடியைத் தைத்தாள். ஃபாயிஸ் பட்டர் பேப்பரில் எழுத்துகளை வரைந்து தந்தான். ஒரு நுனியை மாஜித்தும் மறு நுனியை ஃபாயிஸும் பிடித்துப் போக, நடுவில் பரமன் கத்திக்கொண்டு போனான். எண்பத்துமூன்று ஜனவரியில் பரமன் ஜேர்மனிக்குப் போறன் என்று சொல்லிப் பையைக் கட்டினான். கடிதம் டமாஸ்கஸிலிருந்து வந்தது. எங்கட இயக்க ஆக்கள் பதினொரு பேர் லெபனானில பயிற்சி எடுக்கிறம், நீ ஆரிட்டயும் சொல்லாத, சுகமாயிருக்கிறன். ஏப்ரலில் இன்னொன்று. அதற்குப் பிறகு இல்லை.

மே மாதம் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பலஸ்தீன இயக்கத்தின் அதிகாரிகள் சிலர் தலைவருக்கு எதிராக எழும்பினார்கள். போன வருடச் சண்டையில் முன்வரிசையை விட்டு ஓடியவர்களுக்கே பெரிய பதவி கொடுக்கிறார், ஆயுதத்தைக் கீழே வைத்துப் பேச்சுக்குப் போகப் பார்க்கிறார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. சிரியா அவர்களுக்கு இடமும் கொடுத்தது, ஆதரவும் கொடுத்தது. ஜூனில் தலைவரையே சிரியாவை விட்டு வெளியேற்றினார்கள். நவம்பரில் லெபனானின் வடக்கே திரிப்போலியில், பலஸ்தீன அகதிகளின் முகாம்களுக்குள்ளேயே இரு பகுதியும் ஒன்றையொன்று பீரங்கியால் அடித்துக்கொண்டிருந்தன. லண்டனிலும் அதே கோடு விழுந்தது. மாஜித் தலைவரோடு நின்றான். ஃபாயிஸ் பிரிந்தவர்களோடு போனான். செப்ரெம்பர் ஊர்வலத்தில் தலைவரின் படத்தைப் பிடிப்பதா இல்லையா என்று தொடங்கிய வாய்த்தர்க்கத்தில் ஒருவன் முன்னே இழுக்க, மற்றவன் பக்கத்தெருவுக்குத் திரும்ப, கொடி இரண்டாகியது.

பாலாம்பிகைக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பரமன் நின்ற முகாம் எந்தப் பக்கம் விழுந்தது? தலைவரின் பக்கமென்றால் அவன் திரிப்போலியில் செல்லடிக்கு நடுவில் இருக்கிறான். மற்றப் பக்கமென்றால் பெக்காவில், அல்லது டமாஸ்கஸில் ஏதாவது அறைக்குள் பூட்டுப்பட்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும் ஆறு மணிச் செய்தியில் புகை எழும்பும். அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் புகைக்குள் தேடுவாள்.

துணி தர வந்த அன்றே இருவரிடமும் கேட்டிருந்தாள். கடதாசித் துண்டில் பரமேஸ்வரன், கரவெட்டி, பிறந்த திகதி என்று எழுதி, படமும் கொடுத்தாள். மாஜித் டூனிஸில் இருந்த தலைவரின் தலைமையகத்துக்கும், ஃபாயிஸ் டமாஸ்கஸுக்கும் விசாரித்தார்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது: அப்படி ஒருவர் இல்லை.

*

ஞாயிறு காலை குகதாசன் வந்தார். பரமன் சேர்ந்திருந்த தமிழ் இயக்கத்துக்கு லண்டனில் ஆள் அவர்தான். கோவில் வாசலில் அவர்களுடைய பேப்பர் விற்பார், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மூச்சு விட நேரமில்லாமல் அலைந்துகொண்டிருந்தார். ஜாக்கெட்டின் சிப் உடைந்திருந்தது. அவள் சிப்பைப் பிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன அக்கா செய்து வைச்சிருக்கிறியள்? சொந்தப் பேரையோ குடுத்தனீங்கள்?"

"வேற என்ன பேரைக் குடுக்கிறது? அம்மா வைச்ச பேர் அதுதானே?"

"அங்க அந்தப் பேரில அவனை ஒருத்தருக்கும் தெரியாது. கூட நிண்டு சாப்பிடுறவனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் இயக்கப் பேர் இருக்கு. இப்ப அந்தக் கடதாசி ரெண்டு நாட்டில ரெண்டு மேசையில கிடக்கு. நாளைக்குக் கொழும்புக்குப் போனா ஊரில உங்கட ஐயாவிட்ட ஆமி வரும்."

அவளுடைய கை சிப்பின் பல்லில் நின்றது. இது அவள் நினைத்தே பார்க்காதது. "அப்ப இயக்கப் பேரைச் சொல்லுங்கோ."

"ஏலாது அக்கா. மேல கேக்கவேணும்."

"மேல எண்டால் எங்க?"

"அதையும் சொல்லேலாது."

கணேசலிங்கம் அடுப்படியிலிருந்து, "அதுக்கும் மேல கேக்கவேணுமாக்கும்" என்றார்.

பாலாம்பிகை சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "குகதாசன் எண்டதும் உங்கட சொந்தப் பேர் இல்லையெண்டு எனக்குத் தெரியும், தம்பி. நாளைக்கு உங்களுக்கு ஒண்டெண்டால் உங்கட அம்மா எந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு ஆரின்ர வாசலில போய் நிப்பா?"

அவர் தான் விற்கிற பேப்பரின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலால் ஒரு பேர் எழுதி மெஷின் தட்டில் வைத்தார். யூனுஸ். "அரபுக்காரர் வைச்ச பேர். வாசிச்சிட்டு எரிச்சுப்போடுங்கோ" என்றார். அவள் அதை வாசித்து, அடுப்பில் போட்டு, சிப்பை வைத்துத் தைத்து முடித்தாள்.

அந்தப் பேரோடு மாஜித்துக்குப் போன் செய்தாள். மூன்று நாளில் அவன் திரும்ப எடுத்தான். டூனிஸின் பட்டியலில் யூனுஸ் இருந்தான். பதினொரு பேர், பெக்காவில் ஒரு தளபதியின் முகாம்; தளபதியின் பேரைப் போனில் சொல்ல மறுத்துவிட்டான். "மே மாதம் அந்தத் தளபதி அவர்கள் பக்கம் போய்விட்டான், அக்கா. அத்தோடு எங்கள் பட்டியல் நின்றுவிட்டது. இனி அவர்களைத்தான் கேட்கவேண்டும்."

"நீங்கள் ஃபாயிஸிடம் கேளுங்கள்."

"அவனோடு நான் பேசுவதில்லை."

ஃபாயிஸுக்கு எடுத்தாள். "யூனுஸா? அந்தப் பேரில் டமாஸ்கஸில் நூறு பேர். வெளிநாட்டுக்காரர் எல்லோரும் திரிப்போலிக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்களே. மாஜித்தின் ஆட்களைக் கேளுங்கள்" என்றவன், "கொடி தயாரா?" என்றும் கேட்டான்.

ஒருவனிடம் முகாம் இருந்தது, மற்றவனிடம் டமாஸ்கஸ் இருந்தது. இரண்டும் அவளுடைய போனில் வந்து நின்றன, ஒன்றையொன்று தொடவில்லை. அவள் தரையில் மடித்து வைத்திருந்த கொடியைப் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையும் மூன்று ஓட்டம் தைத்தாகிவிட்டது. அடியில் பச்சைப் பட்டை மட்டும், பன்னிரண்டு அங்குலம், இன்னும் இழையோட்டிலேயே இருந்தது. அரை மணி வேலைகூட இல்லை.

"இன்னும் முடியவில்லை" என்றாள். "சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து பாருங்கள்."

மாஜித்துக்கும் அதே நேரத்தைச் சொன்னாள். பத்து வருடத்தில் அவள் ஒரு வேலையையும் வேண்டுமென்று நிறுத்தி வைத்ததில்லை.

*

மாஜித் முதலில் வந்தான். உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் ஃபாயிஸ் கதவைத் தட்டினான். ஒருவரையொருவர் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். அங்கே கொடி முழுசாகக் கிடந்தது.

"இது என் பாதி" என்றான் ஃபாயிஸ்.

"இது என் பாதி" என்றான் மாஜித்.

"நான் தைத்தது" என்றாள் அவள், தொழிற்சாலையில் படித்த ஆங்கிலத்தில். "பிடியுங்கள். பிடித்துப் பார்க்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை."

யார் வந்தாலும் தையலை இழுத்துப் பார்க்க வைப்பது அவளுடைய வழக்கம். அது இருவருக்கும் தெரியும். மாஜித் சன்னலோரம் போய் ஒரு நுனியைப் பிடித்தான். அறை போதாது, ஃபாயிஸ் மறு நுனியோடு வீட்டு நடைபாதையில் குளியலறைக் கதவுவரை போய் நின்றான். கணேசலிங்கம் தேநீர்த் தட்டோடு கொடிக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்.

"உன் பக்கம் தாழ்கிறது" என்றான் மாஜித்.

"என் பக்கம் நிலத்தில் நிற்கும். லெபனானை விட்டுக் கப்பலேறிப் போவது உன் தலைவரின் பழக்கம்."

"எவருடைய பீரங்கியால் அடிக்கிறீர்கள் என்று டமாஸ்கஸில் கேட்டுச் சொல்."

"பேச்சுக்குப் போய்ப் பல்லுப் பிடுங்கிக்கொள்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீதான் பல் டாக்டராயிற்றே."

துணி இறுகியது. தையல் முனகவில்லை. பாலாம்பிகை நடுவில் முழந்தாளிட்டு, பச்சைப் பட்டையின் வெள்ளை இழையில் விரலை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இழுங்கள்" என்றாள். "மேலே விடாது. இங்கேதான் விடும். இதை நான் தைக்கவில்லை. என் தம்பி எங்கே என்று சொல்லுங்கள், தைக்கிறேன்."

சொன்ன பின் அவளுக்கே முகம் எரிந்தது. வேலையைப் பணயம் வைத்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கணேசலிங்கம் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா?" என்றான் ஃபாயிஸ். "எங்களிடம் இலங்கைக்காரர் யாரும் இல்லை."

"தளபதி அபூ ஹலீமின் முகாம்" என்றான் மாஜித், சன்னலைப் பார்த்துக்கொண்டு. "பதினொரு பேர். அவன் உங்களிடம் வந்தபோது அவர்களும் கூடத்தான் வந்திருக்கவேண்டும்."

"அபூ ஹலீமா?" ஃபாயிஸின் பிடி தளர்ந்து பச்சைப் பட்டை தரையைத் தொட்டது. "அபூ ஹலீமின் ஆட்கள் விமான நிலைய வீதியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். என் அப்பாவின் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இதை ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை?"

"நீ போனை எடுத்தாயா?"

"நீ அடித்தாயா?"

பாலாம்பிகை ஃபாயிஸைப் பார்த்து, "அப்படியானால் கேளுங்கள்" என்றாள்.

ஃபாயிஸ் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. "அக்கா, உங்களுக்குத் தெரியாது. டூனிஸ் எழுதிக்கொடுத்து வந்த வெளிநாட்டவர்களைப் பற்றி இப்போது கேட்கிறவனையும் அங்கே எழுதி வைப்பார்கள். என் அப்பா அங்கே இருக்கிறார். இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்."

அவளுக்கு அது விளங்கியது. அவளும் ஒரு கடதாசியைக் கொடுத்துவிட்டு, கரவெட்டியில் தகப்பனின் படலை தட்டப்படுமோ என்று ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் இருப்பவள்தான். தன் தகப்பனை வைத்து இன்னொருவனின் தகப்பனை எடை போட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை. ஆனாலும் "வேண்டாம், விடுங்கள்" என்ற சொல் வாயில் வரவில்லை.

மாஜித் தன் நுனியை இரண்டாக மடித்துக்கொண்டு நடைபாதைக்கு நடந்து வந்தான். "உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பதினேழு நாள் கஞ்சி கொண்டுவந்தவன் யார்? பரமன்தானே?" என்றான். "கொடியை நீயே எடுத்துக்கொள். என் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள். செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் நான் கைவீசிக்கொண்டு நடக்கிறேன். நீ கேள்."

"கொடிக்காக நான் கேட்பேன் என்று நினைக்கிறாயா?"

"இல்லை. நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கொடி சும்மா தருகிறேன்."

ஃபாயிஸ் அரபியில் ஏதோ சொன்னான். வசவு போலத்தான் கேட்டது. மாஜித்தும் அரபியில் ஒரு சொல் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்காமல் போனான். ஃபாயிஸ் இரண்டு கோப்பையையும் குடித்தான். வீட்டுப் போன் நம்பரைத் திரும்பக் கேட்டுச் சிகரெட் பெட்டியில் எழுதினான்.

*

ஞாயிறு முழுவதும் போன் ஒரே ஒரு தரம்தான் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து கணேசலிங்கத்தின் ஷிப்டை மாற்றிக் கேட்டார்கள். செய்தியில், அந்த மாதம் பிரிந்தவர்கள் கைக்குப் போய்விட்ட திரிப்போலி முகாம் ஒன்றைப் பற்றிச் சொல்லி, தெருவில் தலையணையைச் சுமந்துகொண்டு ஓடும் பெண்களைக் காட்டினார்கள். ஃபாயிஸ் கேட்டிருப்பானா? கேட்டதால் அவன் தகப்பனுக்கு ஏதாவது நடந்திருக்குமா? அவள் கொலர் தைக்க உட்கார்ந்து, ஆறு கொலரை மறுபுறமாகத் தைத்து, ஆறையும் பிரித்தாள்.

திங்கள் பகல் பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. தொலைபேசி நிலையத்துப் பெண் ஒருத்தி அரபியில் பேசினாள், பிறகு இரைச்சல், பிறகு, "அக்கா."

அவள் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "சாப்பிட்டியோ?" என்றாள்.

"சாப்பிட்டன், சாப்பிட்டன். கேளக்கா, ரெண்டு நிமிசந்தான். நான் சுகம். இஞ்ச ஒன்பது பேர் நிக்கிறம்."

"பதினொரு பேரெல்லோ?"

இரைச்சல். "ரெண்டு பேர் வடக்க திரிப்போலிக்குப் போயிட்டாங்கள், மேயிலயே. என்ன ஆனாங்களோ தெரியேல்லை."

"நீ இஞ்ச வந்திடு, பரமன். டிக்கட் உன்ர அத்தார் போடுவார்."

"டிக்கட் வருகுது அக்கா. டெல்லிக்கு." அவன் குரல் பெரியவனின் குரலாக இருந்தது. "ஆடியில ஊரில நடந்ததையெல்லாம் ரேடியோவிலதான் கேட்டனாங்கள். இனி லண்டன் சரிவராது."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாயிஸின்ர அப்பாதான் வந்து எங்களைக் கண்டவர்" என்றான் பரமன். "கிழவன், பொல்லை ஊண்டிக்கொண்டு, ஒரு சட்டி சோறோட. வாசலில நிண்டவங்களோட சண்டை பிடிச்சு உள்ள வந்தார். அவனிட்டச் சொல்லு. மாஜித் எப்பிடி? ரெண்டு பேரும் ஒண்டாத்தானே திரியிறாங்கள்?"

"ஓம்" என்றாள் பாலாம்பிகை. "ஒண்டாத்தான்."

அத்தோடு அறுந்தது. அவள் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறான் என்று நெஞ்சு ஒருமுறை இறங்கியது. டெல்லிக்குப் பிறகு எங்கே என்று உடனே திரும்ப ஏறியது. வடக்கே போன அந்த இரண்டு பேரின் அக்காமார் யார், எந்த ஊர், எந்தப் பேரைச் சொல்லி யாரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றும் அதற்குள் ஓடியது. பிறகு எழும்பிப் போய் மெஷினில் பச்சை நூலை மாற்றினாள். பன்னிரண்டு அங்குலம், மூன்று ஓட்டம். இழையோட்டின வெள்ளை நூலைப் பிடுங்கி, அடிப்பக்கம் நூல்முனைகளைக் கட்டி வெட்டி, ஈரத் துணி போட்டு அயன் பண்ணினாள்.

செவ்வாய் காலை எட்டரைக்கு ஃபாயிஸ் காரை வீதியில் நிறுத்திவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. அப்பா போன் எடுத்தாரா என்று அவள் கேட்டாள். நேற்று எடுத்தார், இன்று காலை இல்லை என்றான். சட்டிச் சோற்றைப் பற்றி அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டி, "அது தங்கையின் சமையல். உப்பு இருந்திருக்காது" என்றான்.

அளவுக் கொப்பியை விரித்தாள். இரண்டு பேரில் ஒரு பேருக்கு நேரே மாஜித்தின் கையெழுத்து இருந்தது. நேற்றுப் பின்னேரம் வந்து, கொடியைப் பார்க்காமல், அதை ஃபாயிஸிடம் கொடுக்கச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஃபாயிஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

"பிடியுங்கள்" என்றாள் அவள்.

ஒரு நுனியை அவன் பிடிக்க, மறு நுனியைப் பிடிக்க வேறு யாருமில்லை. அவளே பிடித்தாள். அவன் நடைபாதைக்குப் பின்னகர்ந்தான். அவள் சன்னலோரம் போய் நின்று, முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தாள். அவனும் இழுத்தான். பச்சைப் பட்டை விறைத்து நின்றது. அவன் நடுத் தையலை எட்டிப் பார்த்து, "எங்கே கிழிந்ததென்றே தெரியவில்லை" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நீளவாக்கில் ஒரு தரம் மடித்தார்கள், இன்னொரு தரம் மடித்தார்கள். பிறகு அவள் தன் நுனியை ஏந்திக்கொண்டு, அறையைக் கடந்து, நிலையைக் கடந்து, அவன் நின்ற இடத்துக்கு நடந்துபோனாள். மூலையை மூலையோடு சரியாகப் பொருத்தி, இரண்டையும் அவன் கைகளில் வைத்தாள்.